ஓட்டிலி அம்மாளின் கற்குவியல்

மார்ச் 4

இன்று குனிந்து காலணிக் கயிற்றை நானே கட்டினேன். என் வயதில் இதற்குப் பெயர்தான் முதுகு குணமாகிவிட்டது என்பது.

மதியம் ஓட்டிலி அம்மாள் வீட்டுக்குப் போனேன். தோட்டச் சுவருக்கென்று அக்டோபரில் நான் இறக்கிய சுண்ணாம்புக் கற்கள் சரிவின் நடுவே அப்படியே குவிந்து கிடக்கின்றன. இறக்கிய வாரமே என் முதுகு பிடித்துக்கொண்டது, பிறகு உறைபனி வந்துவிட்டது. ஜனவரியில் அவர் பழைய படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மகன் ஃபோல்கர் ஒரே பிடியாக நிற்கிறான். சமையலறைக் கதவிலிருந்து கீழே வால்நட் மரத்தடிப் பெஞ்சு வரை அம்மா தனியாகப் போய்வரப் பத்திரமான வழி வேண்டுமாம். ஆகஸ்ட் முடிவதற்குள். இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவானாம்.

படிகளை எடுத்துவிட்டுச் சாய்வான பாதை, பக்கத்தில் கை வைத்துப் போக இடுப்புயரக் கல்சுவர். சாந்து இல்லாமல் அடுக்கினால் நூறு வருஷம் நிற்கும். ஓரத்தில் பியோனிப் பூச்செடி வைக்கலாம் என்றேன். அது ஐம்பது வருஷம் பூக்கும்.

"எப்ப பூக்க ஆரம்பிக்கும்?"

"மூணாவது வருஷம்."

"இர்மா, எனக்கு எண்பத்திரண்டு வயசு. நீங்க பெட்டூனியா வைங்க. ஜூன்லயே பூத்துத் தொலைக்கும்."

முப்பது வருஷமாக இதே வழக்கு, ஒவ்வொரு வீட்டிலும். போதும். இதுதான் என் கடைசித் தோட்டம்.

மார்ச் 19

மழை. என்னோடு கல் அடுக்குகிற லோதார் வரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 11

லோதார் முதல் கல்லைத் தூக்கினான். தூக்கியதை அப்படியே வைத்தான். நாங்கள் சேர்ந்து கல் அடுக்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எடுத்த கல்லை அவன் திரும்ப வைத்து நான் பார்த்ததே இல்லை.

"இர்மா, இங்க குடித்தனம் நடக்குது."

ஓணான்கள். விலா பச்சைப் பசேலென்று ஒரு ஆண், பக்கத்தில் பழுப்பு நிறத்தில் பெண், அந்தப் பக்கம் வேறு இரண்டு. தெற்கு வெயில், அடியில் மணல். நானே தேடித் தேடி அந்த இடத்தில் கொட்டியிருக்கிறேன். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். நான் வாடகை வண்டி வைத்துக் கூட்டி வந்திருக்கிறேன்.

இது பாதுகாக்கப்பட்ட இனம், சட்டப்படி அந்தக் குவியலைத் தொடக் கூடாது. முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வர ஆகஸ்ட் கடைசி ஆகிவிடும். அதுவரைக்கும் சுவர் கிடையாது, சுவர் இல்லாமல் பாதை கிடையாது, பாதை இல்லாமல் அவருக்கு வீடே கிடையாது.

லோதார் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குக் காலைல குளிர்ல அதுங்க மரத்துப் போய்க் கெடக்கும். வாளியில அள்ளி அந்தாண்ட விட்டுட்டுக் கல்லை எடுத்துரலாம். யாரு பாக்கப் போறா?"

சரி என்றேன். ஆமாம், நான்தான். ஒவ்வொரு தோட்டத்திலும் ஓணானுக்கென்று ஒரு மூலை ஒதுக்கு என்று ஊர் ஊராகப் பேசியவள்தான். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

ஏப்ரல் 12

காலையில் வாளியோடு போனால், மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். யாரோ போன் செய்தார்களாம். குவியலைச் சுற்றிக் கயிறு கட்டினாள். கயிற்றுக்கு உள்ளே செப்டம்பர் வரை ஒரு கல்லும் நகரக் கூடாது. வாளியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யார் போன் செய்தது? பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்கும். முற்றம் முழுக்கப் பிளாஸ்டிக் விரித்து ஜல்லி கொட்டியிருக்கிற புண்ணியவான். அவருக்கு என்ன திடீர்க் கரிசனம்?

ஏப்ரல் 27

போன் செய்தது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. ஓட்டிலி அம்மாள்தான்!

காபி ஊற்றிக்கொண்டே சர்க்கரை வேணுமா என்பதுபோலச் சொல்கிறார்: "நான்தான் பண்ணேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "உங்களுக்குப் பைத்தியமா? யாருக்காக நான் இந்த முதுக வச்சுக்கிட்டு அல்லாடறேன்? ஆகஸ்ட்ல உங்க பையன் வந்து மூட்டை கட்டுவான், அப்ப ஓணானா வந்து காப்பாத்தும்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மார்ச் கடைசியிலேருந்து இந்த ஜன்னல் வழியா அதுங்களப் பாத்துக்கிட்டிருக்கேன். என்னைத்தான் அள்ளிக்கிட்டுப் போய் வேற எடத்துல விடப் பாக்குறாங்க. நல்லதுக்குத்தான்னு சொல்லிக்கிட்டே. அதே வேலைய என் வாசல்லயே நான் பண்ண விடணுமா?"

காபியைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

மே 6

போகவில்லை. போனையும் எடுக்கவில்லை. லோதார் சாலே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

மே 15

குளிர்க்காரி சோஃபியின் நாள், வசந்தத்தின் கடைசி உறைபனி இன்றுதான் என்பார்கள். இரவு பனி கொட்டியது. அவசரப்பட்டு நட்டவர்கள் எல்லாரும் காலையில் கருகிய தக்காளிச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓட்டிலி அம்மாள் பெட்டூனியாத் தொட்டிகளை வெளியே வைத்திருப்பாரோ என்று கவலை வந்து, போய்ப் பார்த்தேன். ஒருவேளை இது ஒரு சாக்காகவும் இருக்கலாம்.

தொட்டிகள் உள்ளேதான் இருந்தன. அவர் சக்கர வாக்கரைப் பிடித்தபடி படிக்கட்டின் தலையில் நின்று கீழே பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன், வெட்கம் என்ன.

மே 18

விடிந்ததும் தோன்றியது. நேராகப் போக வேண்டும் என்று யார் சொன்னது? குவியலைச் சுற்றிக்கொண்டு போனால் பாதை ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். நீண்டால் சரிவு குறையும். நேராகப் போட்டிருந்தால் வாக்கர் அவரை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கும்! சுவரும் வேண்டாம், கைப்பிடிக்கு அக்கேசியாக் கட்டை போதும். படிக்கட்டு கயிற்றுக்கு வெளியேதான் இருக்கிறது, அந்தக் கற்களையே பாதைக்குப் பாவலாம். குறைகிற கல்லுக்கு என் வீட்டுப் பின்னால் அடுக்கி வைத்திருப்பவை. ஓய்வு பெற்றதும் எனக்கென்று ஒரு உட்காருமிடம் கட்ட வைத்திருந்தேன்.

லோதாரிடம் சொன்னேன். "ஓணானுக்குப் புறவழிச் சாலையா?" என்றான். நாளைக்கே வருகிறானாம்.

ஜூன் 24

அஸ்பராகஸ் தண்டுப் பருவம் இன்றோடு முடிந்தது. கடைசியாகக் கிடைத்ததை ஓட்டிலி அம்மாள் வெண்ணெயும் உருளைக்கிழங்குமாகச் சமைத்துப் போட்டார். பாதை பாதி வந்திருக்கிறது. முட்டி மடங்க மறுக்கிறது.

ஜூலை 20

வெயில். ஓணான் குண்டாகிவிட்டது, நான் இளைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

ஃபோல்கர் வந்தான். காரிலிருந்து இறங்கும்போதே கையில் முதியோர் இல்லத்தின் வண்ண விளம்பரத் தாள்.

ஓட்டிலி அம்மாள் வாக்கரை எடுத்தார். வளைவில் ஒருமுறை நின்றார். கால் தடுக்கியதோ என்று எனக்கு உயிரே இல்லை. தடுக்கவில்லை. ஒரு குஞ்சு, விரல் நீளம்கூட இல்லை, பாதை நடுவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அது போகும்வரை காத்திருந்தார். பிறகு பெஞ்சு வரை போய் உட்கார்ந்து, எழுந்து, தானே மேலே வந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் வந்துவிட்டார்.

"குளிர்காலத்துல?" என்றான் ஃபோல்கர்.

"குளிர்காலத்துல நீ வந்து பனி வாரு," என்றான் லோதார். "மகன்னு எதுக்குப் பெத்தாங்க?"

ஃபோல்கர் சிரிக்கவில்லை. கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. "அடுத்த வருஷம் வரைக்கும் பாக்கலாம்," என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

செப்டம்பர் 16

அலுவலகப் பெண் வந்து கயிற்றை அவிழ்த்துப் போனாள். கல்லை எப்போது எடுக்கப்போகிறோம் என்று லோதார் கேட்டதற்கு ஓட்டிலி அம்மாள், "எந்தக் கல்லை?" என்றார்.

செப்டம்பர் 28

காலையில் போன். "இர்மா, அந்தச் செடி. மூணு வருஷம் ஆகும்னு சொன்னீங்களே."

"பியோனி."

"அதான். கொண்டு வாங்க."

வளைவில், குவியலுக்கு நிழல் விழாத பக்கமாக நட்டோம். கிழங்கின் மொட்டுக் கண்கள் தெரியாமல் போகிற அளவுக்கு மட்டும் மண் போட்டேன், ஆழமாகப் போனால் பூக்காது. பூக்க ஆரம்பித்ததும் குச்சி கட்டி முட்டுக் கொடுக்க வேண்டும், பூவின் பாரத்தைத் தண்டு தாங்காது என்று சொன்னேன்.

"மூணாவது வருஷமா? அத யாரு கட்டுவா?" என்றார்.

நான்தான். வேறு யார்.