கான்க்ரீட் ஊற்றிய தபால் பெட்டி

ஜனவரி 11, ஞாயிறு

மூன்றாவது முறை. காலையில் கதவைத் திறந்தால், வாசல் கம்பத்தில் இருந்த என் தபால் பெட்டி சாலையோரப் பள்ளத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. ஓடுகிற வண்டியிலிருந்து பேஸ்பால் மட்டையை நீட்டி ஒரே வீச்சு. "பணக்காரனுக்கு வரி போடு" என்று நான் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் நடுவில் அடி விழுந்திருக்கிறது. நேற்று எடுக்காமல் விட்ட கடிதங்களைச் சேற்றிலிருந்து பொறுக்கினேன். அந்த மட்டையைப் பிடுங்கி, அடித்தவனின் பல் உதிர்கிறவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. போன மாதம்தான் துப்பாக்கி வேண்டாம் என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினேன்.

யார் வேலை என்று தெரியும். என் தம்பி ராய்ஸின் கூட்டாளிகள். இந்தக் கென்டக்கி மூலையில் பத்துக்கு எட்டுப் பேர் அவர்கள் கட்சி. ராய்ஸ் நாலு மைல் தள்ளி இருக்கிறான். வீடு வீடாக எரிவாயு கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறான். நவம்பரில் விருந்துக்குக் கூடியபோது வான்கோழியை வெட்டிக்கொண்டே, "அக்கா, நீ கேக்குற வரியெல்லாம் போட்டா இந்தக் கத்திய வித்துதான் நான் கட்டணும்," என்றான்.

"உன் தலைவன் கோடீஸ்வரனுக்கு விட்டுக் குடுத்தத நீதான்டா கட்டுற."

"அம்மா சாகுறப்பக்கூட நீ டிவியப் பாத்துக் கத்திக்கிட்டுதான் இருந்த."

குழம்பு ஜாடியை விட்டெறிந்தேன். அவன் புருவத்தில் நாலு தையல். அதோடு பேச்சு நின்றது.

ஜனவரி 14, புதன்

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வரிப் படிவங்களை நிரப்புகிறேன். மற்றவர்கள் அநியாயத்தைச் செய்தியில் பார்க்கிறார்கள். நான் கட்டம் கட்டமாகப் பார்க்கிறேன். இன்று காலை, முதியோர் விடுதியில் மலம் அள்ளுகிற பெண் ஒருத்தி. அவள் இன்னும் நானூறு டாலர் கட்ட வேண்டும். மதியம் வந்தவருக்கு மூன்று கல்குவாரி. தேய்மானம், நட்டம், புதுச் சட்டம் கொடுத்த சலுகை என்று கழித்துக் கழித்து அவருக்குப் பூஜ்யம் வந்தது. கழித்தது நான்தான். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. போகும்போது, "இந்த நாட்டுல வரி ரொம்ப ஜாஸ்திம்மா," என்றார். ஸ்டேப்ளரை அவர் நெற்றியில் வைத்து அழுத்துவதாக ஒரு கணம் நினைத்துக்கொண்டேன். சிரித்து வழியனுப்பினேன்.

ஜனவரி 17, சனி

செய்து முடித்தேன். இங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான்: பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, நடுவே கான்க்ரீட். நான் ஒரு படி மேலே போனேன். மரக்கம்பத்தைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாயை மூன்றடி ஆழம் இறக்கி, அதற்குள்ளும் ஊற்றினேன்.

ஹார்டுவேர் கடைக்காரர் கான்க்ரீட் மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டபோது, "தபால் பெட்டிக்கா?" என்றார். "அடிக்கிறவன் மணிக்கட்டு தூள்தான். ஆனா கம்பம் மட்டும் மரமாவே இருக்கட்டும். வண்டி வந்து மோதினா மரம் முறியும், ஆள் பொழைப்பான்."

"மரத்தையும் முறிப்பானுங்க," என்றேன்.

ஜனவரி 24, சனி

இன்னும் எவனும் வரவில்லை. எலும்பு முறிகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பேச்சு நின்றாலும் வரி நிற்காது. ராய்ஸின் மனைவி ஜோலீன் வழக்கம்போல ஷூ டப்பா நிறையக் காகிதத்தோடு ஆபீசுக்கு வந்தாள். அவர்கள் படிவத்தை எப்போதும் நான்தான் நிரப்புவேன். மருத்துவக் காப்பீட்டுத் தவணை இந்த வருடம் எவ்வளவு ஏறியது என்று கேட்டேன்.

"விட்டுட்டோம் அண்ணி. ரெண்டு மடங்காயிடுச்சு. அவர்கிட்ட நீங்க ஒண்ணும் ஆரம்பிக்காதீங்க."

நான் அப்பவே சொன்னேன் — நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"எங்க பெட்டியையும் உடைச்சிட்டானுங்க," என்றாள். "இவரு தலைவர் பேர ஒட்டியிருந்தாருல்ல. உங்க ஆளுங்க வேலைதான்னு குதிக்கிறாரு."

"எங்க ஆளுங்க மொத்தமே பதினோரு பேரு. அதுல பாதிப் பேருக்கு மட்டையத் தூக்கவே தெம்பு கெடையாது."

சிரித்தோம். ஆக, கட்சியும் இல்லை, கொள்கையும் இல்லை. கண்ணில் பட்டதை எல்லாம் எவனோ அடித்துக்கொண்டு போகிறான். கான்க்ரீட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. குழாயைப் பிடுங்கிவிடலாம் என்று தோன்றியது. எவனாக இருந்தால் என்ன, ஒரு கை உடையட்டும் என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

படிவத்தில் ராய்ஸும் கையெழுத்துப் போட வேண்டும். "உங்க வாசல மிதிக்க மாட்டாராம்," என்றாள்.

"மிதிக்க வேணாம். வண்டியில இருந்தே என் பெட்டியில போட்டுட்டுப் போகச் சொல்லு."

பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்று முழுக்க ஐஸ் மழை. காலை பத்து மணிக்கு ராய்ஸின் பிக்கப் வண்டி இறக்கத்தில் வந்தது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி சறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டுகிறவன் பக்கக் கதவோடு போய்ப் பெட்டியில் மோதியது. மரமாக இருந்தால் முறிந்து, வண்டி எதிர் வயலில் போய் நின்றிருக்கும்.

குழாய் அசையவில்லை. கதவு அதன்மேல் மடிந்து உள்ளே போயிருந்தது. தவழ்ந்துதான் போனேன், நிற்க முடியாத ஐஸ். அவனுடைய இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் தகரம் இருந்தது. ரத்தம் வண்டிப் படியில் வழிந்து பனியில் ஆவி பறந்தது. மறுபக்கக் கதவு வழியாக ஏறி, என் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கினேன். வலியில் என் முகத்தில் குத்தினான். என் பல் ஒன்று ஆடுகிறது. இன்னும் நாலு குத்தியிருக்கலாம்.

"அக்கா," என்றான், "பெட்டி ஏங்கா அசையல?"

பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

பிப்ரவரி 9

கடைக்காரர் சொன்னாரே. காதுல வாங்கினியா நீ? வாங்கினியாடி?

பிப்ரவரி 12, வியாழன்

அவன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி நடையில் வைத்து ஜோலீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். நர்ஸ் வந்து பிரித்தாள்.

ராய்ஸுக்கு முன்பே தெரிந்திருந்தது. "போலீஸ்காரரு சொன்னாரு. எத்தன மூட்ட ஊத்தின?"

"நாலு."

கண்ணை மூடிக்கொண்டான். "நான் அஞ்சு வாங்கினேன். கொட்டகையில கெடக்கு. இந்த வாரம் ஊத்தலாம்னு இருந்தேன்."

பிறகு, "போயிடுக்கா. இன்னைக்கு உன்னப் பாக்க முடியல," என்றான். வந்துவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

சம்மட்டியால் இரண்டு நாள் அடித்துப் பெட்டியை உடைத்தேன். குழாயை டிராக்டர் கட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு உள்ளங்கையும் கிழிந்துவிட்டன. டிவியைப் போடவில்லை.

ஏப்ரல் 15, புதன்

வரிப் படிவம் அனுப்பக் கடைசி நாள். ராய்ஸின் படிவத்தைத் தபாலில் சேர்த்தேன். அன்று வண்டியில் கிடந்த அதே தாள். ஓரத்தில் ரத்தக்கறை இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. லாரி ஓட்டுநர் என்று எழுதியிருந்தான். போன வருடக் கணக்கு, அதனால் அது சரிதான். நேற்று அவனே போன் செய்தான், ஆஸ்பத்திரியில் பார்த்த பிறகு முதல் தடவையாக. "அடுத்த வருசம் அந்தக் கட்டத்துல என்ன எழுதுவ?" என்று கேட்டான். தெரியலடா என்றேன். வைத்துவிட்டான்.

அவன் ஆஸ்பத்திரிச் செலவுக்காக இந்த வீட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறேன். பலகை வாசலில் நிற்கிறது. அதன் பக்கத்தில், விற்கிறவரை தபால் வர வேண்டுமே என்று, மெல்லிய மரக்கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தேன். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை எவனோ அதையும் அடித்துவிட்டுப் போனான். கம்பம் இரண்டு துண்டாகக் கிடந்தது. முறிந்த இடத்தை வெகுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். சீக்கிரம் முறிகிற மரமாகக் கேட்டு வாங்கி வந்து நட்டிருக்கிறேன்.