நீ திரும்பப் பெற்ற சம்மதம்

இன்று காலை உன் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து உன் கறுப்புக் கவுனைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தேன். அந்துருண்டை நெடியையும் மீறி உன் சந்தனப் பவுடர் வாசனை வந்தது.

திருச்சி கோர்ட்டில் இருபது வருஷம் சேர்ந்து வக்கீல் தொழில் பார்த்தோம். ஹைகோர்ட் நீதிபதியாக உனக்குச் சம்மதமா என்று கேட்டார்கள், எழுதிக் கொடுத்தாய். மூத்த நீதிபதிகள் உன் பெயரைப் பரிந்துரைத்தும் விட்டார்கள். அதற்கப்புறம் டில்லியிலிருந்து பதிலே இல்லை. ஒரு வருஷம் போயிற்று. நீ பாட்டுக்குக் கேஸ் நடத்திக்கொண்டிருந்தாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

உன்னிடம் சொல்லாமல் காட்டூரில் ஓர் அரசியல் பிரமுகரைப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார். "மேல சொல்லிடலாங்க. ஜட்ஜ் ஆனப்புறம் அவங்க நம்மள மறக்காம இருந்தா சரி" என்று சிரித்தார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மறுநாள் கோர்ட் கேன்டீனில் சந்தோஷமாக உன்னிடம் சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்தாய். "நாளைக்கு அந்த ஆளோட கேஸ் என் முன்னாடி வந்தா?"

"நீ நியாயமாத்தான் தீர்ப்பு சொல்லுவே."

"சொல்லுவேன். தோத்தவன் அதை நம்பணுமேடி."

அந்த வாரமே சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக் கடிதம் அனுப்பினாய். சொந்தக் காரணம் என்று மட்டும் எழுதியிருந்தாய். "பயந்துட்டாங்க" என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள். நீ மறுக்கவில்லை. மறுத்தால் என் பெயர் வெளியே வரும்.

நான்கு மாதம் உன் கண்ணில் படாமல் திரிந்தேன். ஒரு சாயங்காலம் உறையூர் பஸ்ஸில், "தள்ளி உக்காரு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அன்றைக்கு நடத்திய குறுக்கு விசாரணையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். காட்டூர் பேச்சை அப்புறம் நீ எடுக்கவே இல்லை. நானும்தான்.

போன மாதம் வக்கீல் சங்கத்தில் உன் படத்தைத் திறந்தார்கள். பேசியவர்களில் ஒருவர், "கொஞ்சம் துணிச்சல் இருந்திருந்தா ஜட்ஜ் ஆகியிருப்பாங்க" என்றார், அன்பாகத்தான். நான் எழுந்தேன். காட்டூருக்குப் போனதையும், கேன்டீனில் நீ கேட்டதையும் சொல்லி முடித்தேன். முன்வரிசையில் உன் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்கும் நீ சொல்லியிருக்கவில்லை.

நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வருஷம் எனக்கு வாய் வரவில்லை. பயந்தவள் நான். அந்தப் பெயரை எனக்காக நீ சுமந்தாய். இப்போது அது என்னிடம் வந்துவிட்டது. கனமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இறக்கி வைக்கத் தோன்றவில்லை.