உன் வாயில் வந்த பழ வாசனை

இன்று காலை ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், குடுவைமேல் எழுதியிருந்த மார்க்கர் மையை அசிட்டோன் தொட்டுத் துடைத்தாள். அந்த வாசனை வந்ததும் எழுந்து வெளியே போனேன். போக வேறு இடமில்லை. கால்கள் எலிக்கூடத்துக்குத்தான் போயின. நீ செத்து ஐந்து வருடமாகிறது. நான் இன்னும் அதே கூண்டுகளுக்கு முன்னால்தான் நிற்கிறேன்.

நம் இருவருக்கும் அப்போது இருபத்தாறு வயது. நான் ஊரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவன். நீ தில்லியிலேயே பிறந்த தமிழன், ஒப்பந்தக் கூலிக்கு இந்த எலிக் கூண்டுகளைக் கழுவியவன். ஆய்வுக்காகத் தலையில் அடிபட்ட எலிகளில் பாதிக்கு ஒருநாள் பட்டினி, அப்புறம் வெண்ணெய்த் தீனி. சர்க்கரை கிடைக்காத உடல் கொழுப்பை உருக்கிக் கீட்டோன் செய்யும்; மூச்சில் அசிட்டோனின் பழ வாசனை வரும். அடிபட்ட மூளை அதை எரித்துப் பிழைக்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

"எலிக்கு வெண்ணெய், எனக்கு சூக்கா ரொட்டி. அச்சா நாடுடா இது!" என்பாய்.

ஒருமுறை கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது. வாங்குவதற்கான கோப்பு எந்த மேஜையில் தூங்கியதோ. நீ ஓர் எலியைத் தூக்கி அதன் வாயை மோந்து பார்த்தாய். "ஸ்ட்ரிப் எதுக்குடா சயின்டிஸ்ட்? மூக்கு இருக்குல்ல. பழ வாசம் வந்துடுச்சு, எழுதிக்கோ." ஸ்ட்ரிப் வந்தபின் பார்த்தோம். நீ சொன்னது அத்தனையும் சரி. எனக்கும் மோந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தாய். ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயர் இல்லை. "என் பேரைப் போட்டா எலிங்க கோவிச்சுக்கும்" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. உன் பெயருக்காகச் சண்டையும் போடவில்லை.

பிறகு லோதி ரோடு சிக்னலில் உன் சைக்கிளை ஒரு பஸ் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. நடைகூடத்தில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தாய், கையில் உப்புநீர் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் உன் முகத்தருகே குனிந்தேன். அதே பழ வாசனை. உன் உடலே மருந்து செய்துகொள்கிறது, பிழைத்துவிடுவாய் என்று நினைத்தேன்.

உன் அம்மா என் கையைப் பிடித்தார். "தம்பி, மூணு நாளா இவன் வயித்துக்கு ஒண்ணுமே போடல. மூக்குல குழாய் வச்சு பால் விடுவாங்களாமே? கேட்டா 'பாத் மே, பாத் மே', அப்புறம் பாக்கலாம்னு விரட்டுறாங்க. நீயாவது கேளுப்பா."

"வேணாம்மா. சாப்பிடாம இருக்கறதுதான் இப்ப அவனுக்கு நல்லது" என்றேன்.

படித்தவன் சொன்னான் என்று அவர் அதன்பிறகு யாரையும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் நீ போனாய். மூளை வீக்கம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். குழாய் வைத்திருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. இன்றுவரை எலிகளைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எலியின் பட்டினிக்கு நாம் மணி குறித்தோம். ஒரு நாள் முடிந்ததும் நீ ஓடிப்போய்த் தீனி வைப்பாய். உன் பட்டினிக்கு யாரும் மணி குறிக்கவில்லை. நடையில் போட்டு மறந்துபோன ஒரு மனிதனின் பசியை நான் மோந்து பார்த்து, மருந்து என்று பெயர் வைத்தேன்.

போன மாதம் மந்திர் மார்க் பஸ் நிறுத்தத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். என் தலையைத் தடவினார். "அந்த அஞ்சு நாள்ல எனக்கு நல்ல வார்த்தை சொன்னது நீ ஒருத்தன்தாம்ப்பா."

பஸ் வந்தது. அவரை ஏற்றிவிட்டேன். அது நல்ல வார்த்தை இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.