உங்களுக்கு நான் வாங்கித் தந்த தொண்ணூற்றாறு

அக்கா,

இன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் ஒரு பெண் குரல் எனக்கு நல்வரவு கூறியது. 'பணியிட நேர்மை', ஆன்லைன் வகுப்பு, நாற்பது நிமிடம், எல்லோருக்கும் கட்டாயம். வழக்கம்போலச் சத்தத்தை அணைத்து, வீடியோவை ஓடவிட்டு, டீ குடிக்கப் போனேன். நேர்மையை இப்படித்தான் கற்றுவருகிறேன். முதல் வாயிலேயே உங்கள் ஞாபகம் வந்து, டீயை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் கண்மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். திட்ட முடியாதவருக்கு எழுதுவது எனக்குச் சௌகரியம்.

நம் சனத்நகர் வால்வு கம்பெனியின் ஸ்டோர்ஸில் எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மாடியில் புதிதாகத் திட்டப் பிரிவு வருகிறது, எக்செல் வகுப்பு முடித்தவர்களுக்குத்தான் இடம் என்றார்கள். ஓய்வுக்கு ஆறு வருடம் இருக்கையில் நீங்கள் அதற்கு ஆசைப்பட்டீர்கள்.

"தூசி தின்னது போதும் பா. கடைசி ஆறு வருஷமாவது ஜன்னல் பக்கம் ஒக்காரணும்."

பன்னிரண்டு பாடங்கள். ஒவ்வொரு வீடியோவையும் நிறுத்தி நிறுத்தி, இருநூறு பக்க நோட்டில் எழுதினீர்கள். நாங்கள் எல்லோரும் முடித்தபோது நீங்கள் நாலாவதில் இருந்தீர்கள்.

ஒருவர் பாக்கியில்லாமல் முடிக்கும் டிபார்ட்மென்டுக்குப் பிரியாணி என்று மேனேஜர் அறிவித்திருந்தார். எல்லோரையும் முடிக்கவைப்பது என் பொறுப்பு. பிரியாணி என் பலவீனம். தங்கை மகள் கல்யாணத்துக்கு நீங்கள் லீவு போட்ட அன்று, மேசைக் காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்த உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன். மீதி எட்டுப் பாடங்களையும் ஊமையாக ஓடவிட்டேன். பரீட்சைக்கான விடைகள் ஆபீஸ் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. தொண்ணூற்றாறு மார்க்! கேன்டீனில் ஒருவர் விடாமல் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் வந்து பார்த்தீர்கள்.

"அஞ்சாவது பாடம் தொறக்க மாட்டேங்குதே, கைக்கு?" 'ஏன்' என்பதற்கு நம் ஊர் உருதுவின் 'கைக்கு'தான் உங்கள் நாக்கில் வரும்.

"முடிஞ்சா பூட்டிக்கும் அக்கா. நீங்க பாஸ்! பார்ட்டி எப்போ?"

"நான் எங்க பா படிச்சேன்?"

எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள், கொஞ்சம் தாமதமாக.

உங்கள் மார்க்கைப் பார்த்துப் பூரித்த மேனேஜர், பெரிய அதிகாரிகள் முன்னால் உங்களை உட்காரவைத்து, ஸ்டாக் பட்டியலைச் சுருக்கிக் காட்டச் சொன்னார். நாலாவது பாடம் வரை அழகாகச் செய்தீர்கள். பிறகு கை நின்றுவிட்டது.

"செப்பண்டி மேடம், நைன்டி சிக்ஸ் கதா!" என்று, சொல்லுங்கள், தொண்ணூற்றாறு ஆயிற்றே என ஊக்கப்படுத்தினார் அவர்.

மறந்துவிட்டது என்று தெலுங்கில் சொன்னீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தட்டிலிருந்த சமோசாவை எடுத்து அதில் வைத்துக்கொண்டேன்.

ஜன்னல் பக்க இடம் எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கையில் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அஞ்சாவது பாடத்துல என்ன பா சொல்லிக்குடுத்தாங்க? நீதானே பாத்தே?"

எனக்குத் தெரியாது. "பிரியாணி எப்படித் தின்னணும்னு" என்றேன். ஜோக்காம்.

"ஹவ்" என்று, ஆமாம் என்பதுபோல், தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டீர்கள்.

அந்த இடத்தில் உட்கார்ந்த பிறகு, வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை அக்கா. சொல்லித்தர ஒரு சாப்பாட்டு இடைவேளை போதும். ஓய்வு பெறும்வரை, ஆறு வருடமும், எனக்கு நேர் கீழேதான் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். இருபத்திரண்டு படிகள். நான் இறங்கி வரவில்லை.