சாம்பல் தொட்ட விரல்

சின்ன காஞ்சிபுரம்
12-8-1968

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி தருகிறேன். அவர்களில் நெசவுக்காரி கமலவேணியை மட்டும் நான் நம்பவில்லை. தறியில் அறுந்த இழையை, விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டு முடிந்தே பழகியவள். தொப்புளில் சாம்பல் பட்டால் குழந்தைக்கு ஜன்னி வரலாம்.

திருப்புட்குழியில் ஒரு பிரசவம். தொப்புள்கொடியைக் கட்டும் நேரத்தில் மாமியார்க்காரி சாம்பலை நீட்ட, கமலவேணியின் விரல் தானாகத் தொட்டுவிட்டது. நான் வாய் திறக்குமுன் சோப்பை எடுத்துவிட்டாள்.

"மறுபடி இன்னாத்துக்குடி கழுவுற?"

"சாம்பலு தறிக்குத்தாம்மா. உம் பேரனுக்கு வேணாம்."

இன்று பத்தாம் நாள்; ஜன்னி வந்தால் பெரும்பாலும் இதற்குள் வந்திருக்கும். போய்ப் பார்த்தேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான். அடுத்த வகுப்பைக் கமலவேணியையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். பதிலைத் தம்பியை எழுதவிடாமல் நீங்களே எழுதுங்கள். இரண்டு வரி போதும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
ஞானம்