வேலை அறையின் கதவு

ஹார்மன் கிரீக், நெப்ராஸ்கா
9 மார்ச் 1912

அன்புள்ள கோராவுக்கு,

உன் தங்கையும் குழந்தையும் நலமா? பிரசவத்துக்கு உதவ ஒரு மாதம் என்று சொல்லிப் போனாய். வங்கி மாடியில் நம் இரண்டு அறையும் வெறிச்சென்று கிடக்கின்றன.

நீதிமன்றக் கட்டடம் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. கோபுரத்துக்கு நான்கு கடிகார முகம் வரைந்திருந்தேன். மாவட்டக் குழுவில் ஒரு கிழவர், "வடக்கால இருக்கிறது பன்றிப் பண்ணை. பன்றிக்கு எதுக்குய்யா மணி?" என்று கேட்டார். மூன்று முகத்தோடு முடிந்தது. கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய்.

ஒரு நல்ல செய்தி. ஆற்று மேட்டில் மனை வாங்கிவிட்டேன். நம் வீட்டை இந்தக் கோடையில் கட்டுகிறேன். எப்போது வருகிறாய்?

உன் வில்லர்ட்

எல்டன்
2 ஏப்ரல் 1912

அன்புள்ள வில்லர்டுக்கு,

தங்கை எழுந்து நடமாடுகிறாள். நான் இப்போது அவள் வீட்டில் இல்லை. காலமான டாக்டர் ஸ்வென்சனின் மனைவி மாடி அறையை வாடகைக்கு விட்டார்; அங்கே இருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன்.

எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், நம் சாப்பாட்டு மேசையில் நீங்கள் எனக்காக வரைந்த வீடு. சமையலறையில் பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு மேலே கிழக்கு ஜன்னல் வேண்டும் என்று நான் கேட்டேன். டாக்டர் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டார். "வெறும் காகிதம்தானே, உனக்கு இதைவிட நல்லதா வரையறேன்" என்று அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். பிறகு பாதிரியாருக்கு. பிறகு மரக்கடைக்காரருக்கு. இங்கே வரும்போது ரயிலிலிருந்து அந்த இரண்டையும் பார்த்தேன். ஒன்றை இடவலம் மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள். என் ஜன்னலில் யாரோ ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். உங்களுக்கு ஊருக்குத்தான் வீடு.

கோரா

ஹார்மன் கிரீக்
20 ஆகஸ்ட் 1912

அன்புள்ள கோராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து வெட்கப்பட்டேன். பதில் எழுதுவதை விட்டுவிட்டு வீட்டைக் கட்ட ஆரம்பித்தேன். அதே வரைபடம், நீ கேட்ட அதே கிழக்கு ஜன்னல். ஒன்றையும் மாற்றவில்லை.

தச்சர் கஸ் படத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை. "இது நாலாவதுங்க ஐயா. கண்ணை மூடிட்டே கட்டுவேன். உங்க வீட்டம்மா மட்டும் வந்து நின்னா போதும்" என்கிறார். முதல் பனிக்குள் முடிந்துவிடும். நீ வந்துவிடு. தனியாக இருக்க முடியவில்லை.

உன் வில்லர்ட்

எல்டன்
15 செப்டம்பர் 1912

அன்புள்ள வில்லர்டுக்கு,

நல்ல வீடு. ஆறு மாதமாக அதில் குடியிருப்பவள் சொல்கிறேன். ஜன்னலில் காலை வெயில் கைமேல் விழுகிறது. அதற்கு நன்றி.

ஆனால் உங்கள் வேலை அறைக்கு வெளியிலிருந்து நேராக ஒரு கதவு வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடம் வரையச் சொல்லி வருபவர்கள் வந்து போக என்று அன்று சொன்னீர்கள், நானும் நம்பினேன். போன வாரம் உருளைக்கிழங்கு உரித்தபடி திருமதி ஸ்வென்சன் சொன்னார்: "அந்தக் கதவு என் மனுஷனுக்கு ரொம்ப வசதியாப் போச்சு, கோரா. வந்தாரா போனாரான்னே எனக்குத் தெரியாது. அவரு நாற்காலியிலயே செத்துக் கிடந்தப்ப, நான் ராச்சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கிட்டு இருந்தேன்."

கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே, என்னைப் பார்க்காமல் வந்து போக ஒரு வழியை வரைந்திருக்கிறீர்கள். தெரிந்து செய்திருக்க மாட்டீர்கள். அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. வங்கி மாடியிலும் அப்படித்தானே வாழ்ந்தோம்?

நான் வரவில்லை. இனிக் கேட்காதீர்கள். குளிருக்குக் கம்பளி மேலங்கி பெட்டியின் அடியில் இருக்கிறது.

கோரா

ஹார்மன் கிரீக்
1 டிசம்பர் 1912

அன்புள்ள கோராவுக்கு,

கேட்கவில்லை. செய்தி மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். "புதுக் கதவுங்க, பைத்தியமா உங்களுக்கு?" என்று கஸ் சண்டைக்கு வந்தார். அடைத்துவிட்டார். வீட்டு முன்கதவுக்கு இன்னும் பூட்டு வரவில்லை, உள்ளே தாழிட்டிருக்கிறேன். அதனால் பின்வாசலில் நுழைந்து சமையலறையைக் கடந்துதான் என் மேசைக்குப் போகிறேன். பூட்டு வந்தாலும் அப்படித்தான் போவேன்.

நேற்று நீதிமன்றத் திறப்பு விழா. மேளதாளம், பேச்சு, விருந்து எல்லாம் உண்டு. நல்ல கட்டடம் என்று எல்லோரும் கை குலுக்கினார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவசரமாக வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் தொப்பியைக் கழற்றி, "வந்துட்டேன்" என்று உரக்கச் சொன்னேன். இத்தனை வருடத்தில் உன்னிடம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு அடுப்பை மூட்டினேன்.

வில்லர்ட்