உன் கோல்போஸ்டுக்கு முன்னால் நின்றவள்

இன்று காலை ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் மிளகாய்ச் சாக்கை உதறினார்கள். தும்மல் பிடித்துக்கொண்டது, நிற்கவேயில்லை. உடனே உன் ஞாபகம்தான். உன் அப்பா வேலை பார்த்த கடைக்குப் பின்னால் காலிச் சாக்குகளை விரித்துப் போட்டுத்தானே நீ டைவ் அடித்துப் பழகினாய்? அரிசிச் சாக்கு என்று நினைத்து ஒருநாள் மிளகாய்ச் சாக்கில் விழுந்தாய். கண்ணைத் திறக்க முடியவில்லை. "பந்து கையில இருக்கா, பாருடீ" என்று கத்தினாய். பைத்தியக்காரி.

நீ கோல்கீப்பர், உனக்கு முன்னால் நிற்கும் டிஃபென்டர் நான். பள்ளிக்கூடத்திலிருந்து கேரள அணி வரை அப்படித்தான் நின்றோம். இந்திய ஜூனியர் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தபோது உன்னை எடுத்தார்கள், என்னை விட்டுவிட்டார்கள். அன்று நான் அழுத அழுகை உனக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் போட்டி முடிந்து நீ திரும்பியபோது தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்தது நான் மட்டும்தான். அணி ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை, ஒரு டிராகூட இல்லை. தெருமுனை டீக்கடைக்காரர் சும்மா இருக்காமல், "எத்தன கோல் வாங்கிச்சு மோளே?" என்று சிரித்தார். "அண்ணே, பால் பொங்குது, அதப் பாருங்க" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

உன் வீட்டு வாசலில் நின்றுதான் சொன்னாய். கடைசி ஆட்டம் கோலே இல்லாமல் முடியப்போகிறது. முதல் முறையாக ஒரு பாயின்ட் கிடைக்கப்போகிறது. பந்து உயரமாக வருகிறது. "விடுடீ, நான் எடுக்கேன்!" என்று தமிழில் கத்திக்கொண்டே நீ பாய்ந்தாய். முன்னால் நின்றது மணிப்பூர்ப் பெண். அவளுக்கு என்ன தெரியும், பாவம்? பந்தை முட்டி வெளியே தள்ள எம்பினாள். இருவரும் மோதிக்கொண்டீர்கள், பந்து உள்ளே உருண்டுபோனது.

"கேம்ப் முழுக்க இங்கிலீஷ்லதான் கத்தினேன், கேட்டியா. அந்த நேரத்துல முன்னால நிக்கது நீதான்னு நெனச்சுட்டேன்டீ."

"போட்டே, சாரமில்ல" என்று தேற்றினேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ தோற்று வந்து நிற்கிறாய், எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இந்தக் கதையை யாரிடம் எடுத்தாலும், "ஆமா, அந்த டீம் எல்லாத்துலயும் தோத்துச்சுல்ல" என்று முடித்துவிடுகிறார்கள். மேற்கொண்டு கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இன்னும் ஆட்டத்துக்குப் போகிறேன். பந்து தலைக்கு மேலே வரும்போதெல்லாம், பின்னாலிருந்து நீ கத்துவாய் என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன். கூட ஆடும் பெண்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.